தோலில் எழும் கட்டியும் குற்றஞ்சாட்டப்பட்ட வைரசும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் மருத்துவம் பற்றி ஏதேனும் ஒரு பொருளில் பேசுமாறு கழகத்தார் பணித்தனர். காசநோயைப் பற்றியோ, சத்துணவைப் பற்றியோ பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நாம் எடுத்துக் கொண்டதோ, தோலில் அரிதாகத் தோன்றும் தீங்கற்ற சிறு கட்டிகளைப் பற்றியது. அவற்றை உண்டாக்குவது மனிதப் பாப்பிலோமா வைரஸ்தானா என்னும் கேள்வியைப் பற்றியது. ஊசிமுனை அளவு கட்டிக்கு இத்தனை பெரிய மேடையா என்று எண்ணாதீர்கள். அந்தக் கட்டியின் வழியாக நாம் அறிய வேண்டிய பாடம் பெரிது.

முதலில் நாம் கண்ணால் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி விடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவர் விடுதியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இரு கைகளிலும் மரு எழும்பியது. பத்துப் பதினைந்து இருக்கும். உடன் இருந்த பிள்ளைகள் அவனுடன் உண்ண மறுத்தார்கள். அவனுக்கென்று ஒரு தட்டும் ஒரு குவளையும் ஒதுக்கி, தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் வைத்தார்கள். தனிக் குவளை! அந்தச் சொல்லின் பொருள் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். தேநீர்க் கடையில் அதைக் கண்டு நெஞ்சு கொதித்தவர்களின் பேரப் பிள்ளைகளே, தங்களில் ஒருவனுக்கு அதை எடுத்து வைத்தார்கள். தீய எண்ணத்தால் அன்று, அறியாமையால் செய்தார்கள். பையனின் தாயார் கோயிலுக்குச் சென்று உப்பும் மிளகும் கொட்டி வந்தார். ஓராண்டில் மரு உதிர்ந்தது. 'உப்பும் மிளகும் கொட்டியதால் உதிர்ந்தது' என்று எல்லாரும் சொன்னார்கள்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, ஆராயாமல் பழி சுமத்தியது. மற்றொன்று, ஆராயாமல் புகழ் சூட்டியது. பிள்ளைகளுக்கு வரும் மரு, மருந்தே இல்லாமலும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறைந்துவிடும். உடலின் தற்காப்பு ஆற்றல் அதனை அடையாளம் கண்டு அழித்துவிடும். இது தெரியாதவர்கள், மறைவதற்கு முன் எதைச் செய்தார்களோ அதற்கே பெருமையைத் தருவார்கள். முன்னே நடந்தது பின்னே நடந்ததற்குக் காரணம் ஆகுமா? அருகில் இருந்தவன் குற்றவாளி ஆவானா? இவ்விரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக் கொண்டு மேலே செல்வோம்.

வைரஸ் என்ன செய்கிறது?

பாப்பிலோமா வைரஸ் மிக மிகச் சிறியது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் இருபதினாயிரத்தில் ஒரு பங்குதான். அதனுள் வளையம் போன்ற ஒரே ஒரு டி.என்.ஏ. இழை, அதில் ஏறத்தாழ 8,000 எழுத்துகள். மனிதரிடம் காணப்படுபவற்றில் மட்டும் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கண்டுபிடித்த வரிசைப்படி அவற்றுக்கு எண்களைப் பெயராகச் சூட்டியுள்ளார்கள். சில வகைகள் கைகால்களில் மருவை உண்டாக்கும். சில பிறப்புறுப்பில் தங்கும். பல வகைகள் ஒரு துன்பமும் செய்யாமல் தோலில் குடியிருக்கும்.

தோலின் மேற்பகுதி, செங்கல் அடுக்கியது போலப் பல அடுக்குகளைக் கொண்டது. அடி அடுக்கில் புதிய அணுக்கள் பிறந்து, மெல்ல மேலேறி, இறந்து, உதிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக வைரஸ் அடி அடுக்கை அடைகிறது. உதிர வேண்டிய அணுக்களைப் பெருகச் செய்கிறது. அப்பெருக்கமே மரு. ஆகவே மருவைச் சொறிவதும், அதன்மேல் சவரம் செய்வதும், ஒருவர் துண்டை மற்றொருவர் பயன்படுத்துவதும் அதனைப் பரப்பும். ஒரே குவளையில் நீர் அருந்துவதால் கைமரு பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பையனைத் தொட்டிக்கு அப்பால் அமர்த்தியதற்கு அறிவியலில் இடமே இல்லை.

மருவுக்கு வைரஸே காரணம் என்று எப்படி அறிந்தார்கள்?

1907ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஜுசெப்பே சியூஃபோ, மருவை அரைத்து, அணுக்களும் பாக்டீரியாக்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை மனிதத் தோலில் ஏற்றிப் பார்த்தார். மரு எழும்பியது. வடிகட்டியையும் கடந்து வந்த ஏதோ ஒன்றே அதற்குக் காரணம் என்பது புலனாயிற்று. 1933இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஷோப், காட்டு முயல்களின் தலையில் கொம்பு போல வளர்ந்த கட்டிகளை எடுத்து அவ்வாறே வடிகட்டி, வேறு முயல்களின் தோலைக் கீறித் தேய்த்தார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 'கண்டோம்' என்று நில்லாமல், 'எடுத்தோம், கொடுத்தோம், மீண்டும் தோன்றியது' என்று காட்டினார்கள். இதுவே சான்று.

ஆனால் வைரஸ் மட்டுமே முழுக் காரணமா? 1922இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்னும் இருவர் ஓர் அரிய நோயை விவரித்தார்கள். சிறு வயதிலேயே உடலெங்கும் தட்டையான மருக்களும் செதில்களும் பரவும். 1970களில் போலந்தின் ஸ்டெஃபானியா யாப்லோன்ஸ்காவும் பிரான்சின் ஜெரார் ஓர்த்தும் ஆராய்ந்து, இந்நோயாளிகளிடம் தனி வகை வைரஸ்கள் இருப்பதைக் கண்டார்கள். 5, 8 ஆகிய எண்களுடையவை அவற்றுள் முக்கியமானவை. வெயில் படும் இடத்து மருக்கள் பிற்காலத்தில் பலருக்குப் புற்றாக மாறின. வியப்பு என்னவென்றால், இதே வகைகள் மற்றவர் தோலில் ஒரு கேடும் செய்வதில்லை. 2002இல் விடை கிடைத்தது. இந்நோயாளிகள் பலரிடம் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டிருந்தது. அதனால் அவ்வகை வைரசை அடக்கும் ஆற்றல் உடலுக்கு இல்லை. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வெளிப்படும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் வெளிப்படும் வாய்ப்பு மிகுதி என்பதை, தாய்மாமன் மணம் வழக்கில் உள்ள நம் நாட்டில் நினைவிற் கொள்ள வேண்டும்.

2016இல் வங்கதேசத்தின் டாக்கா நகர அரசு மருத்துவக் கல்லூரிக்கு, ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஓர் இளைஞர் வந்தார். அவர் கைகளும் கால்களும் மரப்பட்டை போல வளர்ந்திருந்தன. தம் குழந்தையைக் கையால் எடுக்க முடியாத நிலை. மருத்துவர்கள் இந்த அரிய நோயே என்று கூறி, கட்டணமின்றிப் பல அறுவைகள் செய்தார்கள். 2019இல் கட்டிகள் மீண்டும் வளர, மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார். கட்டியை வெட்டினார்கள், கட்டியை வளரவிடும் உடற்குறையை வெட்டி எறிய முடியவில்லை. காரணம் ஒன்றல்ல, இரண்டு என்பதை அவர் கைகளே உலகுக்கு எடுத்துக் காட்டின.

அரிய கட்டிகளின் வழக்கு

இப்போது நம் பொருளின் மையத்துக்கு வருகிறோம். மயிர்க்காலைச் சுற்றி உறை போன்ற ஒரு பகுதி உண்டு. அதன் வெளியுறை அணுக்கள் பெருகுவதால் முகத்தில், குறிப்பாக மூக்கிலும் மேலுதட்டிலும், சில மில்லிமீட்டர் அளவில் தோல் நிறத்திலேயே ஒரு சிறு கட்டி எழும். இதனை ட்ரைக்கிலெம்மோமா என்று மருத்துவ நூல்கள் குறிக்கும். அரிதானது, தீங்கற்றது. பார்ப்பதற்கு மருவைப் போலவே இருக்கும்.

தோல்நோய்க் கூற்றியலில் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் ஆக்கர்மன், இது தனிக்கட்டியே அன்று, நாட்பட்ட மருவே என்று வாதிட்டார். மரு என்றால் வைரஸ் இருக்க வேண்டுமல்லவா? தேடினார்கள். சில ஆய்வுகளில் வைரசின் டி.என்.ஏ. அகப்பட்டது, சிலவற்றில் அகப்படவில்லை. மயிர்க்காலிலிருந்து தோன்றும் வேறு கட்டிகளிலும் இதே கதைதான். ஒருவர் 'இருக்கிறது' என்பார்; மற்றொருவர் 'இல்லை' என்பார்.

இவ்வழக்கைச் சிக்கலாக்கியது ஒரு நல்ல கருவியே. 1983இல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த பி.சி.ஆர். முறை, ஒரு சிறு டி.என்.ஏ. துண்டைக்கூடக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டவல்லது. இத்தகைய கூர்மையான கருவியால் கட்டியில் தேடியபோது வைரஸ் கிடைத்தது. அதே கருவியால் நோயற்றவர்களின் தோலிலும், பிடுங்கிய முடியின் வேரிலும் தேடிப் பார்த்தார்கள். அங்கும் பெரும்பாலோரிடம் வைரஸ் இருந்தது! பிறந்து நெடுநாள் ஆகாத குழந்தைகளின் தோலிலும் இருந்தது. மயிர்க்காலே அதன் குடியிருப்பு. குடியிருப்பில் ஒருவனைக் கண்டதை வைத்து, அங்கு நடந்த களவுக்கு அவனே பொறுப்பு என்று சொல்லலாமா?

அன்பர்களே, இந்தக் கேள்வி நமக்குப் புதிதா? ஊரில் ஆடு காணாமற் போனால், அவ்வழியே வேலைக்குச் சென்ற நம் ஆளைப் பிடித்துத் தூணில் கட்டிய காலத்தை முதியோர் அறிவர். 'அங்கே இருந்தான்' என்பதே அன்று தீர்ப்பாக இருந்தது. அந்த நியாயம் மனிதருக்குப் பொருந்தாது என்று போராடிய நாம், வைரசுக்கு மட்டும் அது பொருந்தும் என்று ஏற்கலாமா? வைரசுக்கு இரங்கி இதைச் சொல்லவில்லை. பொய்யான காரணத்தைப் பிடித்தவன் மெய்யான காரணத்தைத் தப்பவிடுவான் என்பதால் சொல்கிறோம்.

ஆய்வாளர் கேட்கும் கேள்விகளை எளிய சொற்களில் அடுக்குகிறோம். கட்டியில் இருப்பது போலவே பக்கத்திலுள்ள நல்ல தோலிலும் வைரஸ் இருக்கிறதா? ஓர் அணுவுக்கு எத்தனை வைரஸ் என்று கணக்கிட்டால், கட்டியை வளர்க்கும் அளவுக்கு உண்டா, ஆயிரம் அணுவுக்கு ஒன்றா? கட்டியின் அணுவுக்குள்ளேயே இருக்கிறதா, மேலே ஒட்டிக் கொண்டிருக்கிறதா? அதன் மரபணுக்கள் அங்கே வேலை செய்கின்றனவா, உறங்குகின்றனவா? அதனைத் தடுத்தால் நோயும் குறைகிறதா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆம்' என்று விடை வந்தால்தான் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது எனலாம். அரிய மயிர்க்கால் கட்டிகளைப் பொறுத்தவரை அத்தகைய விடை வரவில்லை. ஆதலின் 'பங்கு இருக்கலாம். மெய்ப்பிக்கப்படவில்லை' என்பதே நேர்மையான தீர்ப்பு.

தப்பவிடக் கூடாத காரணம்

மெய்க் காரணம் தப்பிவிடும் என்றோமே, அதற்கு இக்கட்டியே எடுத்துக்காட்டு. 1963இல் ஒரு பெண்ணிடம் கண்ட நோயை இரண்டு மருத்துவர்கள் விவரித்து, அவர் குடும்பப் பெயரையே சூட்டி, கவுடன் நோய் என்றழைத்தார்கள். இந்நோயுள்ளவர் முகத்தில் ட்ரைக்கிலெம்மோமாக்கள் ஒன்றிரண்டல்ல, பலவாகத் தோன்றும். வாயினுள்ளும் சிறு பருக்கள் எழும். இவர்களுக்கு மார்பகம், தைராய்டு, கருப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட மிக அதிகம். 1997இல் இதன் காரணம் தெரிந்தது. அது வைரஸ் அன்று. அணுக்களின் பெருக்கத்தைக் கட்டுக்குள் வைக்கும் பி.டி.இ.என். என்னும் மரபணுவில் ஏற்பட்ட பழுது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்புச் சரிபாதி.

சிந்தித்துப் பாருங்கள். முகத்தில் பல சிறு கட்டிகளுடன் ஒரு தாய் வருகிறார். 'மருதான், வைரசால் வந்தது, சுட்டுவிட்டால் போகும்' என்று அனுப்பிவிட்டால், முகம் தெளியும். மார்பகத்தில் பின்னர் வரவிருக்கும் ஆபத்து கேட்பாரற்றுப் போகும். ஒரு துளி தோலை எடுத்துச் சோதித்து, 'உங்கள் அம்மாவுக்கு, அக்காவுக்கு மார்பகப் புற்று இருந்ததா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருடைய உயிரையும் மகளின் உயிரையும் காக்க வழி பிறக்கும். தவறான குற்றச்சாட்டின் விலை இத்தனை பெரிது.

முதியோர் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டியது போல எழும் கரும் கட்டிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் ஒரு காலத்தில் இதே வைரசைச் சந்தேகித்தார்கள். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவற்றின் அணுக்களிலேயே வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு மாறியிருப்பது பலவற்றில் தெரிய வந்தது. அது பிறரிடமிருந்து தொற்றியதன்று. பாட்டியின் மடியில் பேரன் உட்காரலாம்.

மெய்ப்பிக்கப்பட்ட குற்றம்

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சான்று கேட்பது வேறு. சான்று வந்த பின்னும் மறுப்பது வேறு. இதே வைரஸ் குடும்பத்தின் மீது ஒரு பெருங்குற்றம் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. 1983இல் ஜெர்மனியின் ஹரால்ட் ட்சூர் ஹவுசன் குழுவினர், கருப்பை வாய்ப் புற்றில் 16 எண்ணுடைய வகையையும் அடுத்த ஆண்டு 18 எண்ணுடைய வகையையும் கண்டார்கள். புற்று அணுவுக்குள்ளேயே வைரசின் மரபணு வேலை செய்து கொண்டிருந்தது. அணுவின் பெருக்கத்தைத் தடுக்கும் காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்தது. இவ்விரு வகைகளே உலகின் கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுத்தால் நோய் குறைகிறதா என்னும் கடைசிக் கேள்விக்கும் விடை வந்தது. 2020இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வில், 17 வயதுக்கு முன் தடுப்பூசி பெற்ற பெண்களிடம் இப்புற்று ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, அவ்வாண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இப்புற்று கண்டது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். தடுக்க வழியில்லையா? நம் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் காடிநீர் போன்ற அசெட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எளிய சோதனையே, இப்புற்றால் ஏற்படும் சாவை 35 விழுக்காடு குறைத்தது.

இங்கே கசப்பான ஒரு வரலாற்றையும் மறைக்கக் கூடாது. 2009இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், ஓர் அயல்நாட்டு அமைப்பு நம் அரசு அமைப்புகளுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் போட்டது. அவர்களுள் பழங்குடி மாணவியர் பலர். பெற்றோரைக் கேளாமல், விடுதிக் காப்பாளரின் கையொப்பத்தைப் பெற்ற படிவங்கள் பல. ஏழு சிறுமியர் இறந்த செய்தி எழ, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரித்தபோது பாம்புக் கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, மலேரியா முதலிய காரணங்கள் தெரிந்தன. தடுப்பூசியால் இறந்தார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும், ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு வன்மையாகக் கண்டித்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. ஊசிக்குப் பின் இறந்ததால் ஊசியே கொன்றது என்று முடிவு கட்டக் கூடாது. அது உப்பு மிளகு நியாயம். அதே வேளையில், நம் பிள்ளையின் உடலைத் தொடும் முன் நம்மிடம் விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அது நமக்குரிய உரிமை. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவோம். ஆனால் அவமதித்தார்கள் என்பதற்காக உயிர்காக்கும் மருந்தை உதறி, நம் பெண்களையே பலி கொடுக்க மாட்டோம்.

இளைஞர்களுக்கு

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம். மருவோ கட்டியோ உள்ளவரைத் தள்ளி வைக்காதீர்கள். குதிரைமுடி கட்டி அறுப்பதையும் அமிலம் வைப்பதையும் நிறுத்துங்கள். வேகமாக வளரும் கட்டி, இரத்தம் கசியும் கட்டி, ஆறாத புண், முகத்தில் பலவாக எழும் சிறு கட்டிகள் ஆகியவற்றை அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் காட்டுங்கள். வெட்டி எடுத்த கட்டியை ஆய்வுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். முப்பது வயது கடந்த உங்கள் தாயையும் தமக்கையையும் கருப்பை வாய்ச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட தங்கைக்குத் தடுப்பூசி பற்றி விசாரியுங்கள்; விளக்கம் கேளுங்கள்; புரிந்த பின் கையெழுத்திடுங்கள்.

எவரேனும் 'இதனால்தான் இது வந்தது' என்று சொன்னால், 'எப்படித் தெரியும்?' என்று கேட்கும் துணிவைப் பெறுங்கள். அது பூர்வ ஜென்ம வினை என்றாலும் கேளுங்கள். வைரஸ் என்றாலும் கேளுங்கள். இம்மேடையில் நாம் சொன்னதையும் கேளுங்கள். நம் முன்னோர் மீது சுமத்தப்பட்ட பழிகள் அனைத்தும் இந்த ஒரு கேள்வி கேட்கப்படாததால் நிலைத்தவையே. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தது அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான்.

அந்த விடுதிப் பையன் இன்று ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறார். அவர் வகுப்பில் தனிக் குவளை இல்லை. நம் இல்லங்களிலும் இல்லாதிருக்கட்டும்.